மர்ம பார்சல் வந்தால் முதலில் சிக்குவது யார்? ஆபீஸ் தபால் பிரிவு... ஒரு அலசல்

காலை 11 மணி. கிண்டியோ, அம்பத்தூரோ, ஓ.எம்.ஆர். சாலையோ... எந்த ஆபீசுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வரவேற்பு மேஜை மீதும், செக்யூரிட்டி டேபிளுக்குக் கீழேயும் பார்சல்கள் குவிந்து கிடக்கும். பாதி ஆபீஸ் தபால். மீதி, ஊழியர்கள் ஆன்லைனில் ஆர்டர் போட்ட செருப்பு, சட்டை, செல்போன் கவர். கூரியர் பையன் அவசரமாக வந்து இறக்கி வைத்து விட்டு, ''அண்ணே, ஒரு கையெழுத்து'' என்று வாங்கிக் கொண்டு பறந்து விடுவார்.

யார் அனுப்பியது, உள்ளே என்ன இருக்கு என்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் முதலில் மாட்டப் போவது முதலாளியோ, மானேஜரோ இல்லை. பார்சலை வாங்கி, அடுக்கி, பிரித்துக் கொடுக்கிற தபால் பிரிவு ஊழியரும், வாசலில் நிற்கிற செக்யூரிட்டியும்தான். அவர்களுக்குத்தான் இது பற்றி யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை.

4 கை மாறிய கல்யாணப் பரிசு

ஒடிசா மாநிலம் பட்னாகரில் 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது. கல்யாணம் முடிந்து 5 நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை 26 வயது சாப்ட்வேர் என்ஜினீயர். வீட்டுக்கு வந்திருந்த பரிசு பார்சலைப் பிரித்தார். வெளியே நீட்டிக் கொண்டிருந்த நூலைப் பிடித்து இழுத்ததும் பயங்கர சத்தத்துடன் வெடித்தது. மாப்பிள்ளையும், 85 வயதுப் பாட்டியும் பரிதாபமாக இறந்தனர். புதுப்பெண் படுகாயத்துடன் உயிர் தப்பினார்.

மாப்பிள்ளையின் தாயார் வேலை பார்த்த கல்லூரியின் ஆசிரியர் ஒருவர்தான் இதை அனுப்பினார் என்று போலீஸ் கண்டுபிடித்தது. கல்லூரி முதல்வர் பதவி தன் கையை விட்டு அந்தத் தாயாருக்குப் போன ஆத்திரம்தான் காரணமாம். அவருக்கு 2025-ம் ஆண்டு மே மாதம் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. கேமராவும், ஸ்கேனரும் இல்லாத கூரியர் ஆபீசாகப் பார்த்து, ராய்ப்பூரில் பொய்ப் பெயரில் அந்தப் பார்சல் கொடுக்கப்பட்டது. பஸ்களில் சுமார் 650 கி.மீ. பயணம் செய்து, குறைந்தது 4 பேர் கை மாறி வந்தது. அத்தனை பேரும் குண்டு என்று தெரியாமலேயே தூக்கினார்கள். அவர்களில் யாராவது அந்த நூலை இழுத்துப் பார்த்திருந்தால்?

ஆபீஸ் பகை, சொத்துத் தகராறு, வேலையை விட்டு நீக்கிய கோபம்... ஒரு பார்சலுக்கு இவ்வளவு போதும். தீவிரவாதி வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

தலைவர்களுக்கு மருந்து... தபால் ஊழியருக்கு?

தபால் பிரிவு ஆபத்து என்றால் உலகமே நினைவில் வைத்திருப்பது 2001-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஆந்த்ராக்ஸ் தாக்குதலைத்தான். கடித உறைக்குள் கிருமிப் பவுடரைப் போட்டுப் பத்திரிகை, டி.வி. அலுவலகங்களுக்கும், 2 செனட்டர்களுக்கும் அனுப்பினார்கள். 5 பேர் இறந்தனர். 17 பேர் நோயில் விழுந்தனர். செனட்டர்களுக்கு வந்த உறைகளில் அனுப்பியவர் முகவரியாக ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது. அப்படி ஒரு பள்ளியே கிடையாது.

அக்டோபர் 15-ந்தேதி வாஷிங்டனில் செனட்டர் டாம் டாஷ்லின் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கப்பட்டது. உடனே அங்கிருந்தவர்களுக்கு மூக்கில் பஞ்சு விட்டு சோதனை, மாத்திரை, கட்டிடத்துக்குப் பூட்டு என்று மளமளவென வேலை நடந்தது.

ஆனால் அந்தக் கடிதம் வந்த வழியில் இருந்த பிரென்ட்வுட் தபால் பிரிப்பு நிலையம் வழக்கம் போல ஓடிக் கொண்டிருந்தது. ''உறைதான் ஒட்டி இருக்கிறதே, பவுடர் எப்படி வெளியே வரும்?'' என்பது அப்போது அதிகாரிகளின் நினைப்பு. அது தப்புக் கணக்கு. கடிதம் பிரிக்கும் மெஷின் உறையை அழுத்தித் தள்ளும்போது காகிதத்தின் நுண்ணிய துளைகள் வழியாகவே பவுடர் வெளியே வந்தது. மெஷினைச் சுத்தம் செய்யக் காற்றைப் பீய்ச்சி அடித்ததில் அது இன்னும் பரவியது.

6 நாள் கழித்து அக்டோபர் 21-ந்தேதிதான் நிலையம் மூடப்பட்டது. அன்று அதிகாலை அங்கு வேலை பார்த்த ஊழியர் ஒருவர் மூச்சு விட முடியாமல் அவசர போலீசுக்குப் போன் செய்தார். தனக்கு ஆந்த்ராக்ஸ் வந்திருக்குமோ என்று சந்தேகமாக இருப்பதாகச் சொன்னார். வேலை இடத்தில் பவுடருடன் ஒரு உறை கிடைத்தது, அதைச் சோதித்த முடிவை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் அதே நிலையத்தில் வேலை பார்த்த இன்னொருவரும் இறந்தார்.

''போலீஸ் நாய்க்குக்கூட எங்களுக்கு முன்னால் சோதனை நடந்தது'' என்று அப்போது தபால் ஊழியர்கள் குமுறினார்கள். நிலையத்தைச் சுத்தம் செய்து 2003 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். இறந்த 2 ஊழியர்களின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

கிருமியை அனுப்பியது ராணுவ ஆய்வுக்கூட விஞ்ஞானி புரூஸ் ஐவின்ஸ்தான் என்று எப்.பி.ஐ. 2008-ல் அறிவித்தது. அதற்குள் அவர் தற்கொலை செய்து கொண்டு விட்டார். வழக்கு கோர்ட்டு வரை வரவே இல்லை.

மீனம்பாக்கம் சொல்லும் பாடம்

''அதெல்லாம் அமெரிக்கா கதை'' என்று நாம் ஒதுக்கி விட முடியாது. 1984-ம் ஆண்டு ஆகஸ்ட் 2-ந்தேதி இரவு. மீனம்பாக்கம் விமான நிலையம். கொழும்பு விமானத்தில் ஏற்றக் கொடுத்த பெட்டிகள் இங்கேயே தங்கி விட்டன. பெட்டியைக் கொடுத்த பயணியோ விமானத்தில் ஏறவில்லை. அதில் குண்டு இருக்கிறது என்று போனில் எச்சரிக்கையும் வந்தது. ஆனாலும் சரியான நேரத்தில் கூட்டத்தை வெளியேற்றவில்லை. குண்டு வெடித்து சுமார் 30 பேர் பலியானார்கள்.

சந்தேகம் வந்தால் மட்டும் போதாது. ''எல்லாரும் வெளியே போங்க'' என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். மேலதிகாரிக்குப் போன் போட்டு, அவர் அவருக்கு மேலே கேட்டுச் சொல்வதற்குள் நேரம் ஓடிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அனுப்பியவர் முகவரி இல்லாதது, அல்லது முகவரி ஒரு ஊர், தபால் முத்திரை வேறு ஊர். பெயரோ பதவியோ தப்பாக எழுதியது. 'அவர் மட்டுமே பிரிக்க வேண்டும்' என்று எழுதியது. தேவைக்கு மேல் ஸ்டாம்பும், டேப்பும் ஒட்டியது. ஒரு பக்கம் மட்டும் கனமாக இருப்பது. எண்ணெய்க் கறை, விநோத வாடை, வெளியே தெரியும் ஒயர், கொட்டும் பவுடர். இதில் ஒன்று இருந்தாலே நிறுத்தி நிதானமாக யோசிக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் ''சார், இப்படி ஒரு பார்சல் எதிர்பார்க்கிறீங்களா?'' என்று போனில் கேட்டாலே பாதி சந்தேகம் தீர்ந்து விடும்.

தீரவில்லையா? குலுக்கக் கூடாது. முகர்ந்து பார்க்கக் கூடாது. பிரிக்கக் கூடாது. தண்ணீரில் போடக் கூடாது. கையில் இருந்தால் மெதுவாகக் கீழே வைத்து விட்டு, எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். தள்ளிப் போன பிறகு 112-க்குப் போன் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். மற்றதை வெடிகுண்டு நிபுணர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

பவுடர் என்றால் முறை கொஞ்சம் வேறு. பேன், ஏ.சி.யை நிறுத்தி விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். துடைக்கவோ, பெருக்கவோ கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கொட்டிய நேரத்தில் அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று எழுதி வைக்க வேண்டும். டாக்டருக்கு அந்தப் பட்டியல் தேவைப்படும்.

செலவு அதிகமா?

இதற்குக் கோடிக்கணக்கில் செலவு ஆகாது. தபால் வாங்க வாசல் பக்கமாகத் தனி அறை. வந்ததை எழுத ஒரு ரிஜிஸ்டர். ஆண்டுக்கு ஒருமுறை அரை நாள் பயிற்சி. காண்டிராக்ட் ஊழியர், செக்யூரிட்டி, பெருக்கித் துடைக்கும் அம்மா வரைக்கும் அதில் உட்கார வேண்டும். ஏனென்றால் குப்பைக் கூடையில் கிடக்கும் உறையைத் தொடுவது அவர்தான்.

இன்னொன்று, காசே வேண்டாத விஷயம். சந்தேகப்பட்டுச் சொன்னவரைத் திட்டக் கூடாது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஊறுகாய் பாட்டில்தான் இருந்தது என்றாலும் சரி. ''உன்னால ஒரு மணி நேரம் வேலை போச்சு'' என்று ஒருமுறை திட்டினால், அடுத்த முறை அவர் வாயைத் திறக்க மாட்டார்.

நாளைக்கு ஆபீஸ் போனதும், தபால் வாங்குகிற அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ''சந்தேகமா ஒரு பார்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?''

''மேலே தூக்கிட்டுப் போய் சார்கிட்டயே கொடுத்துடுவேன்'' என்று பதில் வந்தால், பயிற்சியை அன்றைக்கே ஆரம்பிப்பது நல்லது. அவருக்கும் நல்லது. மேலே இருக்கிற சாருக்கும் நல்லது.