வகுப்பறைச் சுவர் எந்த மதத்துக்குச் சொந்தம்?



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2025 ஜூன் மாதம் ஒரு சட்டம் கையெழுத்தானது. செனட் மசோதா 10 என்று பெயர். அரசுப் பள்ளியில் எத்தனை வகுப்பறை இருக்கோ, அத்தனையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டணும். குறைந்தபட்ச அளவு 16-க்கு 20 அங்குலம். எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கணும். ஐம்பது லட்சம் மாணவர்களுக்கு மேல் படிக்கிற மாநிலம் அது.

இதைத் தொடங்கி வைத்தது பக்கத்து மாநிலமான லூசியானா. 2024 ஜூனிலேயே அங்கே இதே மாதிரி சட்டம் வந்துவிட்டது. ஆரம்பப் பள்ளியில் இருந்து அரசு நிதி வாங்கும் கல்லூரி வரைக்கும் மாட்டச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியிடம், "பெற்றோருக்குப் பிடிக்கலைன்னா என்ன செய்வது?" என்று கேட்டார்கள். அதைப் பார்க்காதே என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்பதுதான் அவர் தந்த பதிலின் சாரம்.

அஞ்சு வயசுக் குழந்தை. வருஷம் முழுக்க அதே வகுப்பறை. பார்க்காதேன்னு சொல்லிடணுமாம்!

"நல்ல விஷயம்தானே எழுதியிருக்கு? கொலை செய்யாதே, திருடாதே, அம்மா அப்பாவை மதி. இதுல என்ன தப்பு?" என்று நம்ம பக்கத்திலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

*யாருடைய பத்து?*

முதலில், பத்துக் கட்டளைகள் என்பது எல்லோருக்கும் ஒரே பட்டியல் கிடையாது. யூதர்களுக்கு ஒரு வரிசை. கத்தோலிக்கர்களுக்கும் லூத்தரன் சபையினருக்கும் ஒரு வரிசை. மற்ற புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னொரு வரிசை. உருவ வழிபாடு கூடாது என்பதைத் தனிக் கட்டளையாக எண்ணுவதா, முதல் கட்டளையோடு சேர்ப்பதா என்பதிலேயே வேறுபாடு. மொழிபெயர்ப்பிலும் வேறுபாடு.

அப்படியென்றால் சுவரில் எது ஏறும்? அரசு ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். லூசியானாவும் டெக்சாஸும் வார்த்தைக்கு வார்த்தை எப்படி இருக்கணும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டன. புராட்டஸ்டன்ட் பைபிள் மரபை ஒட்டிய வாசகம் அது. அதாவது எந்த வேதம் சரியான வேதம் என்பதை சட்டமன்றம் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்கிறது. இந்த வேலையை எந்த மக்களும் எம்.எல்.ஏ.க்களிடம் கொடுக்கவில்லை.

அடுத்து, அந்தப் பட்டியல் "கொலை செய்யாதே"யில் தொடங்கவில்லை. என்னைத் தவிர வேறு தெய்வம் உனக்கு இருக்கக் கூடாது, உருவம் செய்து வணங்கக் கூடாது என்றுதான் தொடங்குகிறது. ஒரு நம்பிக்கையாளர் தன் வீட்டிலும் தேவாலயத்திலும் இதைச் சொல்வது அவருடைய உரிமை. அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் அரசாங்கம் தன் சுவரில் மாட்டி, எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துச் சொன்னால்?

*நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு*

டெக்சாஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பியர்லேண்ட் என்ற ஊரில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. ஹூஸ்டன், டாலஸ் பக்கம் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் வேலைக்குப் போய் குடும்பமாக வாழ்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களில் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, கோயிலுக்கும் போகும். உருவத்தை வணங்காதே என்று பள்ளிக்கூடச் சுவர் சொல்லும். வெள்ளிக்கிழமை மாலை மீனாட்சி முன்னால் கை கூப்பி நிற்கும் அந்தப் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. அதே டெக்சாஸில் சுகர்லேண்ட் அஷ்டலட்சுமி கோயிலில் 2024-ல் 90 அடி உயர அனுமார் சிலை திறக்கப்பட்டது. 2025 செப்டம்பரில், குடியரசுக் கட்சி சார்பில் செனட் தேர்தலுக்குக் களம் இறங்கிய அலெக்சாண்டர் டங்கன் என்பவர், பொய்யான இந்துக் கடவுளின் பொய்யான சிலையை ஏன் அனுமதிக்கிறோம், நாம் ஒரு கிறிஸ்தவ நாடு என்ற பொருளில் பதிவு போட்டார். அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது எது தெரியுமா? யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம். அதாவது வகுப்பறையில் மாட்டச் சொன்ன அதே பத்துக் கட்டளைகளின் தொடக்க வரிகள்.

"சும்மா ஒரு போஸ்டர்தானே" என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

டெக்சாஸ் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போன 16 குடும்பங்களில் யூதர்கள், கிறிஸ்தவர்கள், இந்துக்கள், மதநம்பிக்கை இல்லாதவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். வழக்கில் முதல் பெயரே ஒரு யூத மதகுருவுடையது. 2025 ஆகஸ்ட் 20 அன்று நீதிபதி ஃபிரெட் பியரி 55 பக்கத் தீர்ப்பில், வழக்கில் இருந்த பள்ளி மாவட்டங்களுக்குத் தடை போட்டார். உடனே மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் என்ன செய்தார்? வழக்கில் இல்லாத மற்ற மாவட்டங்கள் எல்லாம் சட்டப்படி மாட்டியே ஆகணும் என்று அறிவித்தார்.

*மதிலைக் கட்டியது யார்?*

அரசையும் மதத்தையும் பிரிப்பது கடவுள் மறுப்பாளர்கள் செய்த சதி என்று அங்கேயும் ஒரு கதை ஓடுகிறது. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

1700-களில் வர்ஜீனியாவில் ஆங்கிலிகன் சபைதான் அரசு சபை. உரிமம் வாங்காமல் பிரசங்கம் செய்தார்கள் என்று பாப்டிஸ்ட் போதகர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். கிறிஸ்தவர்களைக் கிறிஸ்தவ அரசே சிறையில் அடைத்தது! அதைப் பார்த்து வளர்ந்தவர் ஜேம்ஸ் மாடிசன். 1786-ல் ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டத்தை வர்ஜீனியாவில் நிறைவேற்றியவர் அவர்தான். 1791-ல் நடைமுறைக்கு வந்த முதல் சட்டத்திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, எவருடைய வழிபாட்டையும் தடுக்கக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. "பிரிக்கும் மதில்" என்ற புகழ்பெற்ற சொல்லை ஜெஃபர்சன் 1802-ல் எழுதினார். யாருக்கு? கனெக்டிகட் மாநிலம் டான்பரியில் இருந்த பாப்டிஸ்ட் சபையினருக்கு. அரசு சபைக்கு வெளியே நின்றதால் தங்கள் உரிமை பறிபோகுமோ என்று பயந்து எழுதியவர்கள் அவர்கள்.

ஆக, அந்த மதிலைக் கேட்டு வாங்கியதில் பக்தர்களுக்கும் பங்கு உண்டு. அடி வாங்கிய பக்தர்கள்.

மதில் பலவீனமாக இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதும் பதிவாகி இருக்கிறது. 1844-ல் பிலடெல்பியாவில், பள்ளியில் எந்த பைபிளைப் படிப்பது என்ற சண்டையில் புராட்டஸ்டன்ட் கும்பல் கத்தோலிக்கக் குடியேறிகள் மேல் பாய்ந்தது. இரண்டு கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. பலர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஏசுவைத்தான் கும்பிட்டது.

"கடவுளை நம்புகிறோம்" என்று டாலர் நோட்டிலேயே இருக்கே என்பார்கள். அது தேசிய முழக்கம் ஆனது 1956-ல். கொடி உறுதிமொழியில் கடவுள் பெயர் நுழைந்தது 1954-ல். சோவியத் யூனியனோடு பனிப்போர் நடந்த காலத்துச் சேர்க்கைகள் இவை. அரசியலமைப்புச் சட்டம் எழுதியவர்கள், எந்தப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்று ஆறாம் பிரிவில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

*பக்தியா, அரசியலா?*

இந்த சட்டம் புதுசும் இல்லை. 1978-ல் கென்டக்கி மாநிலம் இதையே செய்தது. அதே 16-க்கு 20 அங்குலம். "அரசுப் பணம் இல்லை, நன்கொடைதான்" என்ற அதே சாக்கு. 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதை ரத்து செய்தது. யார் பணத்தில் அச்சடித்தாலும் மாட்டச் சொல்வது அரசுதான் என்றது.

அதே 1980 நவம்பரில்தான் ரீகன் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் என்ன வேடிக்கை பாருங்கள். எதிரில் நின்ற ஜிம்மி கார்ட்டர், ஊரில் ஞாயிறு பள்ளியில் பைபிள் பாடம் எடுத்தவர், பக்திமான். ரீகன் விவாகரத்து ஆன ஹாலிவுட் நடிகர். ஆனால் ஜெர்ரி ஃபால்வெல் 1979-ல் தொடங்கிய 'ஒழுக்கப் பெரும்பான்மை' இயக்கம் ஆதரித்தது ரீகனை. பக்திதான் அளவுகோல் என்றால் இந்தக் கணக்கு உதைக்குதே?

பின்னணி இதுதான். கறுப்பின மாணவர்களை ஒதுக்கிய தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வரிவிலக்கு கிடையாது என்று 1970-களில் அரசு கைவைத்தது. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976-ல் வரிவிலக்கை இழந்தது. உச்ச நீதிமன்றம் வரை போராடி 1983-ல் 8-க்கு 1 என்று தோற்றது. வெள்ளையின மதத் தலைவர்கள் பலரை அரசியலுக்குள் தள்ளிய கோபங்களில் இது முக்கியமானது. வேதத்துக்கு ஆபத்து என்று மேடையில் பேசினார்கள். ஆபத்து வந்தது வரிவிலக்குக்கும் நிறவெறிக்கும்.

அந்தக் கூட்டணி இன்றைக்கும் உடையவில்லை. வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் கிட்டத்தட்ட பத்தில் எட்டுப் பேர் ட்ரம்புக்கு வாக்களிக்கிறார்கள். கைம்மாறாக அவருடைய முதல் ஆட்சியில் மூன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கிடைத்தார்கள். 2022-ல் கால்பந்துப் பயிற்சியாளர் மைதானத்தின் நடுவே ஜெபம் செய்த வழக்கில் 6-க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. கென்டக்கி சட்டத்தை ரத்து செய்யப் பயன்பட்ட பழைய அளவுகோலையும் அந்தத் தீர்ப்பு ஓரங்கட்டியது. லூசியானாவும் டெக்சாஸும் தைரியமாக இறங்கியதற்கு இதுதான் காரணம். வழக்குப் போடுங்கள், காத்திருக்கிறேன் என்று லாண்ட்ரி சவால் விட்டது சும்மா இல்லை. லூசியானா சட்டத்துக்குக் கீழ் நீதிமன்றம் விதித்த தடையை 2025 ஜூனில் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. ஆனால் அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மறுபடி விசாரிக்க எடுத்துக்கொண்டது. இவர்கள் குறி வைப்பது உச்ச நீதிமன்றத்தை.

*அப்போ மதம் அரசியல் பேசவே கூடாதா?*

பேசலாம். தாராளமாகப் பேசலாம். மார்ட்டின் லூதர் கிங் ஒரு போதகர். அவர் தலைமை தாங்கிய அமைப்பின் பெயரிலேயே கிறிஸ்தவம் இருந்தது. வட கரோலினாவில் 2013-ல் ஏழைகளின் மருத்துவ உதவிக்காகவும் வாக்குரிமைக்காகவும் திங்கள்கிழமைதோறும் போராட்டம் நடத்தியவர் வில்லியம் பார்பர், அவரும் போதகர். 2025 ஜனவரியில் வாஷிங்டன் தேவாலயத்தில் ட்ரம்பை நேருக்கு நேர் பார்த்து, பயந்துபோய் இருக்கும் குடியேறிகள் மேல் இரக்கம் காட்டுங்கள் என்று கேட்ட மரியான் பட்டி ஒரு பிஷப். அந்த அம்மா மன்னிப்புக் கேட்கணும் என்று கோபப்பட்டார் ட்ரம்ப்.

டெக்சாஸ் சட்டமன்றத்திலேயே இந்த மசோதாவை உறுதியாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டாலரிகோ. இறையியல் படித்த கிறிஸ்தவர். இது அரசியலமைப்புக்கு மட்டுமல்ல, கிறிஸ்தவத்துக்கே விரோதம் என்று வாதாடினார். ஓய்வுநாளைப் புனிதமாக வை என்பதும் பத்தில் ஒரு கட்டளை. அந்த மசோதாவை கீழ்சபையில் வாக்கெடுப்புக்கு எடுத்ததோ சனி, ஞாயிறில்! யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் ஓய்வுநாள் அது. அதையும் சபையில் எழுந்து சுட்டிக்காட்டினார். பதில் சொல்ல ஆளில்லை, ஓட்டுப் போட ஆளிருந்தது.

வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. கிங்கும் பார்பரும் பட்டியும் அதிகாரத்தை நோக்கி மதத்தின் பெயரால் நியாயம் கேட்டார்கள். கேட்பவன் ஏற்கலாம், மறுக்கலாம். லாண்ட்ரியும் பாக்ஸ்டனும் அதிகாரத்தில் உட்கார்ந்துகொண்டு மதத்தின் பெயரால் குழந்தைக்கு உத்தரவு போடுகிறார்கள். பள்ளிக்கு வராமல் இருக்கவும் முடியாது, சுவரைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. முதலாவதில் இருப்பது நம்பிக்கை. இரண்டாவதில் இருப்பது அரசின் பிரம்பு.

அடுத்த தடவை யாராவது "மதச்சார்பின்மைன்னா சாமி கும்பிடுறவனுக்கு எதிரி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால், டெக்சாஸ் கதையைச் சொல்லுங்கள். அங்கே பியர்லேண்ட் மீனாட்சிக்கும் சுகர்லேண்ட் அனுமாருக்கும் பாதுகாப்பு, அரசு எந்த மதத்தையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்ற அந்த ஒரே விதிதான். எண்ணிக்கையில் குறைந்தவன் சாமி கும்பிட மதச்சார்பற்ற அரசு வேணும். எண்ணிக்கையில் கூடியவனுக்கும் அது வேணும். அந்த 1844-ல் ஒருவரை ஒருவர் கொன்றவர்கள் இருவரும் கிறிஸ்தவர்களே.

வகுப்பறைச் சுவரில் கரும்பலகை இருக்கட்டும், உலக வரைபடம் இருக்கட்டும். வேதம் வேண்டுபவர் வீட்டில் இருக்கட்டும்.

படித்தீர்கள் என்றால் பகிருங்கள். குறிப்பாக அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் மரியாதையாகச் சொல்லுங்கள், பேசுவோம்.

தோழமையுடன்,
தகவல் தொழில்நுட்ப அணி

#மதச்சார்பின்மை #வகுப்பறைச்சுவர்