விமானி அறையின் கதவைப் பூட்டியிருப்பது எது?

தூத்துக்குடியில் நாங்கள் நடத்திவரும் சட்ட உதவி முகாமுக்குப் பெரும்பாலும் பட்டா, சாதிச் சான்றிதழ், வன்கொடுமை வழக்கு ஆகியவை தொடர்பாகவே மக்கள் வருவார்கள். அண்மையில் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து நல்ல மதிப்பெண் பெற்றவர். அவர் கேட்டது இதுதான்: “அக்கா, வெளிநாட்டுக்குப் போய் விமானம் ஓட்டப் படிக்க நம்ம பிள்ளைகளுக்கு அரசாங்க உதவி எதுவும் இருக்கா?”

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அரசாணைகளையும் வழிகாட்டு நெறிமுறைகளையும் எடுத்து வைத்துப் படித்தோம். கிடைத்த விடை அந்த ஒரு மாணவிக்கு மட்டும் உரியதல்ல என்பதால் இங்கே எழுதுகிறோம்.

உரிமத்தின் விலை

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வழங்கும் அதிகாரம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் உள்ளது. 18 வயது நிறைவு, இயற்பியலும் கணிதமும் அடங்கிய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, விமான விதிகள், வழிகாணல், வானிலை, தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் தேர்ச்சி, வானொலித் தொடர்புச் சான்று, இவற்றோடு 200 மணி நேரப் பறப்பு அனுபவம் ஆகியவை தேவை. பட்டப்படிப்பு தேவையில்லை. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளுக்கு இந்திய மாணவர்கள் செல்வதற்குக் காரணம் உண்டு. விமானங்களும் பயிற்றுநர்களும் போதிய அளவில் இருக்குமிடத்தில் 200 மணி நேரத்தை விரைவாக முடிக்கலாம். உள்நாட்டில் பல பயிற்சி நிலையங்களில் விமானத்துக்காகக் காத்திருப்பதே பெரும் காலத்தை விழுங்கிவிடுகிறது. வெளிநாட்டில் உரிமம் பெற்றுத் திரும்புவோர் இங்கே தேர்வுகளையும் மருத்துவச் சோதனையையும் பறப்புச் சோதனையையும் முடித்து, இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு குறிப்பிட்ட வகை விமானத்தை இயக்குவதற்கான தனிப் பயிற்சி, அதற்குத் தனிக் கட்டணம். உள்நாடோ வெளிநாடோ, எல்லாம் சேர்ந்தால் அரை கோடி ரூபாயை எளிதில் தாண்டிவிடுகிறது.

திட்டங்கள் இருக்கின்றன, வழி இல்லை

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமான வரம்பு ரூ.8 லட்சம். ஆனால் முதுகலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே இது வழங்கப்படுகிறது. அதிலும் 2025-26ஆம் ஆண்டுக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஆணை வழங்கி, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்று ஒன்றிய அரசு கூறியதை நாம் மறந்துவிட முடியாது.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இதைவிடத் தாராளமானது. ரூ.8 லட்சத்துக்குக் குறைவான குடும்ப வருமானம் உள்ளோருக்கு ஆண்டுக்கு ரூ.36 லட்சம் வரை கிடைக்கிறது. கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடரையும் இத்திட்டம் சேர்த்துக்கொள்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மதம் மாறிய தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருப்பதால், முத்துக்குளித்துறையின் தலித் கிறித்தவப் பிள்ளைகளுக்கு ஒன்றியத் திட்டத்தில் இடமே கிடையாது. அந்த வகையில் மாநிலத் திட்டம் முற்போக்கானது. ஆனால் இதுவும் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு என்ற எல்லையோடு நின்றுவிடுகிறது.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பிரிவுப் படிப்புகளின் பட்டியலில் வணிக விமானி உரிமப் பயிற்சி வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. இது நம் மாணவர்கள் பலரும் அறியாத செய்தி. ஆயினும் இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கே இது பொருந்தும். பெற்றோரின் ஆண்டு வருமானமும் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வருமானம் உள்ள குடும்பம் முன்பணம் கட்டிப் பயிற்சி நிலையத்தின் வாசலை எப்படி மிதிக்கும்?

இனி தாட்கோ. பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு விமானத்துறை சார்ந்த பயிற்சிகளைத் தாட்கோ வழங்கிவருகிறது. விமானப் பணிப்பெண், வாடிக்கையாளர் சேவை, பயணிகள் சேவை, சரக்குக் கையாளுதல் ஆகியவை அவை. இவற்றால் வேலை பெற்றவர்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எந்த உழைப்பும் இழிவானதல்ல. ஆனால் விமானத்தைச் சுற்றியுள்ள எல்லா வேலைக்கும் நம்மைப் பழக்கும் அரசு, அதை இயக்கும் வேலைக்கு மட்டும் ஏன் பழக்கவில்லை என்று கேட்பது நம் உரிமை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் யார், கப்பலுக்குத் தலைவரானவர்கள் யார் என்பதைத் தூத்துக்குடி நன்கறியும்.

இது பணச் சிக்கலா?

“ஆயிரக்கணக்கான மாணவர்களின் உதவித்தொகை நிலுவையில் கிடக்கும்போது, ஒரு மாணவருக்கு அரை கோடி செலவிடுவது சரியா?” என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்கு வெளிநாடு செல்லும் மாணவருக்கு, உச்சவரம்பின்படி ரூ.72 லட்சம் வரை வழங்க மாநில அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. விமானி உரிமப் பயிற்சிக்கு ஆகும் தொகை இந்த எல்லைக்குள்ளேயே அடங்கக்கூடியது. ஆகவே தடையாக இருப்பது பணமன்று. ‘உயர்கல்வி’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள குறுகிய பொருளே தடை. உரிமம் பட்டமல்ல என்பதால் மாணவி திட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

பணம் உள்ள குடும்பங்களுக்கு இந்த வரையறை பொருட்டே அல்ல. அவர்களிடம் வீடும் நிலமும் இருக்கின்றன. கல்விக் கடன் விதிகளின்படி ரூ.7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை வேண்டும். இங்கேதான் சாதி வங்கியின் கவுண்டருக்கு வந்து நிற்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பர். அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். நம்மிடம் எஞ்சியிருக்கும் ஒப்படைப்புப் பட்டாக்களிலோ கைமாற்றத் தடை நிபந்தனைகள் இருப்பதால் வங்கிகள் அவற்றைப் பிணையாக ஏற்கத் தயங்குகின்றன. நிலம் பறிபோன கதையும் விமானி உரிமம் எட்டாத கதையும் வேறு வேறல்ல.

கடவுச்சீட்டின் நினைவு

நம் மாவட்டத்தில் வெளிநாடு என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை நடத்திய தாக்குதலை அறியாதவர் இங்கே இல்லை. வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தால் ஓரளவு தலைநிமிர்ந்திருந்த ஊர் அது. அன்று உடைக்கப்பட்டவை வீட்டுப் பொருள்கள் மட்டுமல்ல. கல்விச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் அழிக்கப்பட்டதாக அப்போதைய செய்திகள் பதிவு செய்துள்ளன. எதை அழித்தால் இந்த மக்கள் மீண்டும் பழைய இடத்துக்கே திரும்புவார்கள் என்பதை ஆதிக்கம் சரியாகவே அறிந்திருந்தது.

கடல் கடந்து கற்பதன் பொருளை அண்ணல் அம்பேத்கரைவிட நன்றாக உணர்ந்தவர் இல்லை. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தபோது அரசுக்கு அளித்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில்வதற்கும் வெளிநாடு செல்வதற்கும் நிதி ஒதுக்குமாறு வலியுறுத்தினார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் போதா, உயர் தொழில்நுட்பத்தில் நம் மக்கள் நுழைய வேண்டும் என்பது அவரது பார்வை. 1944இல் உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. அந்த நோக்கத்தின் வாரிசுகளான இன்றைய திட்டங்கள், தொழில்நுட்பத்தின் ஓர் உச்சத்தையே வெளியே தள்ளியிருப்பது முரண்.

இதே பாதையில் நடந்த இன்னொருவரையும் நம் மாணவிகள் அறிய வேண்டும். 1892இல் அமெரிக்காவின் டெக்சாசில் பிறந்த பெஸ்ஸி கோல்மேன், பருத்தி வயலில் உழைத்த கறுப்பினக் குடும்பத்தின் மகள். சிகாகோவில் நகப்பூச்சு வேலை செய்து பிழைத்தார். கறுப்பினப் பெண் என்பதால் சொந்த நாட்டின் எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை. அவர் பிரெஞ்சு மொழி கற்றார், கடல் கடந்தார், 1921 ஜூன் 15 அன்று பிரான்சில் விமானி உரிமம் பெற்றார். திரும்பிவந்து கறுப்பின மக்களுக்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்க விரும்பினார். அது கைகூடுமுன் 1926இல் விமான விபத்தில் இறந்தார். அவருக்குத் துணை நின்றது கறுப்பினச் சமூகத்தின் சொந்தப் பத்திரிகையும் சேமிப்பும்தான், அரசு அல்ல. நூறாண்டுகளுக்குப் பிறகு, அரசமைப்புச் சட்டம் உள்ள நாட்டில், நாமும் தனிமனித மனவுறுதியை மட்டுமே நம்ப வேண்டுமா?

உள்ளே நுழைந்த பிறகு

உரிமம் கையில் வந்தால் சாதி விலகிவிடும் என்றும் நாம் ஏமாற வேண்டாம். 2025 ஜூனில், ஒரு பெரிய விமான நிறுவனத்தில் பயிற்சி விமானியாக இருந்த ஆதிதிராவிட இளைஞர், தம்மைச் சாதியைச் சொல்லி மேலதிகாரிகள் இழிவுபடுத்தினர் என்று புகார் அளித்தார். விமானம் ஓட்டத் தகுதியற்றவன், போய்ச் செருப்பு தை என்று சொன்னதாகப் புகார் கூறுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்துள்ளது. உண்மையை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் அந்த இளைஞர் புகார் அளிக்கத் துணிந்ததே ஒரு செய்தி. விமானி அறைக்குள் நம் மக்கள் ஒருவர் இருவராக மட்டும் இருக்கும்வரை, ஒவ்வொருவரும் தனியாகவே போராட வேண்டியிருக்கும். எண்ணிக்கையும் ஒரு பாதுகாப்புதான்.

முடியும் என்பதற்குச் சான்றுகள்

ஒடிசாவின் மல்கான்கிரியைச் சேர்ந்த பழங்குடிப் பெண் அனுப்பிரியா லக்ரா 2019இல் வணிக விமானியானார். திருவனந்தபுரம் மாவட்டக் கடலோர மீனவச் சமூகத்தைச் சேர்ந்த ஜெனி ஜெரோம், ஷார்ஜாவில் பயிற்சி பெற்று, 2021 மே மாதம் துணை விமானியாகத் திருவனந்தபுரத்துக்கே விமானத்தில் வந்திறங்கினார். மீனவரும் தலித்துகளும் சாதி அடுக்கில் ஒரே இடத்தில் இல்லை என்பதை மறவாமலே இதைச் சொல்கிறோம். கேரள அரசு பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் விமானிப் பயிற்சிக்கு ‘விங்ஸ்’ என்ற பெயரில் திட்டமே வைத்திருக்கிறது. சமூகநீதி பேசும் தமிழ்நாடு இதில் பின்தங்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

தூத்துக்குடிக்கு இது தக்க தருணம். வாகைக்குளத்தில் விரிவாக்கப்பட்ட விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. நம் மாவட்டத்திலேயே கோவில்பட்டி அருகே உள்ள பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சி நிலையம் அமைக்க டிட்கோ முயன்றுவருகிறது. பொது நிலத்தில் அமையும் நிலையத்தில் யார் பயிற்சி பெறுவார்கள் என்பதை ஒப்பந்தம் எழுதப்படும் முன்பே கேட்க வேண்டும். கையெழுத்தான பிறகு கேட்டால் ‘தனியார் நிறுவனம்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு. அயலக உயர்கல்வித் திட்டத்தில் வணிக விமானி உரிமம் போன்ற தொழில் உரிமப் பயிற்சிகளையும் சேர்த்து ஆணை திருத்தப்பட வேண்டும். 2024இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின்கீழ் இதற்கெனத் தனி ஒதுக்கீடு வேண்டும். கோவில்பட்டி நிலையத்தின் ஒப்பந்தத்தில் இடஒதுக்கீடும் கட்டண உதவியும் நிபந்தனையாக்கப்பட வேண்டும். ரூ.7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு, நிலமற்ற தலித் குடும்பங்களுக்காகத் தாட்கோ பிணை நிற்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆதிதிராவிடர் நலத்துறையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த பத்தாண்டுகளில் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் விமானி உரிமப் பயிற்சி பெற்ற தமிழ்நாட்டு மாணவர்கள் எத்தனை பேர்? வரும் விடை எதுவாயினும் அது நமக்கு ஆவணம். நீதிமன்றத்துக்குப் போவதற்கும் அதுவே முதல் படி.

அந்த மாணவியிடம் நாங்கள் உண்மையைச் சொன்னோம். வெளிநாடு சென்று கற்க இன்றைய நிலையில் அரசு உதவி இல்லை. உள்நாட்டில் ரேபரேலி அருகே பர்சத்கஞ்சில் உள்ள, இடஒதுக்கீடு கொண்ட அரசு நிறுவனமான இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாடமியின் நுழைவுத் தேர்வை எழுதலாம். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையை முதலில் முடித்துக்கொண்டால், உடல் தகுதி உண்டா இல்லையா என்பது பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும். அவர் குறித்துக்கொண்டார். பிறகு, திட்டத்தைத் திருத்தக் கோரி ஆதிதிராவிடர் நலத்துறைக்கு நாங்கள் எழுதிய மனுவைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, முதல் கையெழுத்தைத் தானே இட்டார். அந்த மனுவுக்கு இன்னும் பல கையெழுத்துகள் வேண்டும்.