பால்வாடியில் முதலில் ஓட்டம், பிறகு எழுத்து: எங்கள் நிலைப்பாடு

“பால்வாடியில ஆடத்தான் விடுறாங்க, ஒண்ணும் சொல்லிக்கொடுக்கறதில்ல.” ஜமுனாமரத்தூர்ப் பக்கமும் புதூர்நாட்டுப் பக்கமும் பெற்றோரிடம் கேட்கும் குறை இது. இதனாலேயே சிலர் மூன்றரை வயதுப் பிள்ளையை வேனில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி, அடிவாரத்து எல்.கே.ஜி.க்கு அனுப்புகிறார்கள். அதைத் தடுக்க நினைக்கும் டீச்சர்களும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ‘அ’ போடச் சொல்கிறார்கள். ஜவ்வாது மலையில் குழந்தைகளோடு வேலை செய்யும் அமைப்பு என்ற முறையில் எங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம்: ஆறு வயதுவரை ஓடுவதும் ஏறுவதும் குதிப்பதும் படிப்பில் சேர்ந்தவை. அந்த நேரத்தைக் குறைத்து எழுத்துக்குக் கொடுப்பதை எதிர்க்கிறோம்.

மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையே கூறுகிறது. நடை பழகும் குழந்தைகளை நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்து 2012-இல் வெளியிட்ட கணக்கு இது: ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள், 17 முறை விழுதல். விழும் ஒவ்வொரு முறையும் உள்காதும் கண்ணும் தசையும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டு, அடுத்த அடியைத் திருத்தச் சிறுமூளைக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படும் நரம்பு இணைப்புகள் வலுப்படும், பயன்படாதவை உதிரும்.

1963-இல் ஹெல்ட், ஹெயின் என்ற இருவர் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஒரு பூனைக்குட்டி தானே நடந்தது. அதோடு பிணைத்த தொட்டியில் இன்னொரு குட்டி சுமக்கப்பட்டது. இரண்டும் பார்த்தது ஒரே காட்சிதான். ஆனால் நடந்த குட்டிக்குப் பள்ளம் தெரிந்தது, சுமக்கப்பட்டதற்குத் தெரியவில்லை. போனில் பிறர் ஆடுவதை உட்கார்ந்து பார்க்கும் பிள்ளையைக் காணும்போது எங்களுக்கு அந்த இரண்டாவது குட்டிதான் ஞாபகம் வருகிறது.

கண்ணாமூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து எண்ணும்வரை கண்ணைத் திறக்காமல் இருப்பது நான்கு வயதுக்குச் சின்ன வேலையல்ல. ஆசையை அடக்க வேண்டும், விதியை மறக்கக் கூடாது, யார் எங்கே பதுங்கியிருப்பார் என்று ஊகிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் சொல்வதைக் கவனித்து முடிக்கத் தேவைப்படுவதும் இதே அடக்கமும் நினைவும்தான். விளையாடினால் மதிப்பெண் கூடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. உடல் தகுதியையும் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியின் அளவையும் தொடர்புபடுத்திய 2010-ஆம் ஆண்டு இல்லினாய்ஸ் ஆய்வு ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. அதை அப்படியே பால்வாடிக்குப் பொருத்துவது முறையல்ல.

மலைப்பிள்ளைகள் தாமாகவே ஓடியாடுகிறார்களே, தனியாக விளையாட்டு நேரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. சாமை அறுப்பு நாட்களில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஓடுபவர்கள் அவளுடைய அண்ணன்கள். பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போகும் மாதங்களில் பாட்டியிடம் இருக்கும் பிள்ளைக்குப் போன்தான் துணை. நடக்கச் சிரமப்படும் பிள்ளையை ஆட்டத்தில் யாரும் சேர்ப்பதில்லை. இவர்கள் மூவருக்கும் பால்வாடி முற்றத்தை விட்டால் வேறு இடமில்லை.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 180 நிமிட உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் ஆட்டமாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அந்த 60 நிமிடம் பால்வாடியிலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்கிறோம். புதிதாக எதுவும் கேட்கவில்லை. தமிழக அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. சரிவில் கட்டிய மையங்களுக்கு ஊராட்சி கொஞ்சம் சமதளமும், பள்ளத்துப் பக்கம் வேலியும் அமைத்துத் தரட்டும். பதிவேடும் போஷன் டிராக்கர் பதிவும் டீச்சரின் காலை நேரத்தை விழுங்காமல் துறை பார்த்துக்கொள்ளட்டும். ஆட்டத்துக்குத் தெம்பு வேண்டும். முட்டையும் சத்துமாவும் தடையில்லாமல் மலையேற வேண்டும்.

எழுத்துப் பயிற்சி நோட்டும் டேப்பும் வாங்கித்தர முன்வரும் நன்கொடையாளர்களுக்கு: பால்வாடிகளுக்காக அவற்றை இனி நாங்கள் பெறப்போவதில்லை. பந்து, ஊஞ்சல் கட்டக் கயிறு, ஒரு லோடு மணல் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம்.