தாலி கட்டும் நேரத்தில் காமிரா தூங்கலாமா?

மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரிப் படிப்பு முடித்த அவருடைய பெண், கலியாண வீடியோ எடுப்பதையே தொழிலாகக் கொள்ளப் போகிறாளாம். 'ஃபுல் ஃபிரேம் மிர்ரர்லெஸ்' காமிராதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "என் இரட்டைவடச் சங்கிலியை விற்றால்தான் முடியும். வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

நகை விஷயம் அல்லவா? நிதானமாகவே யோசிப்போம்.

பெயரைக் கண்டு மிரள வேண்டாம். அந்த நாள் 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு போட்டோ பிடித்த இடம் 36-க்கு 24 மில்லிமீட்டர். காமிராவின் சென்ஸாரும் அதே அளவில் இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டதால் மிர்ரர்லெஸ். சென்ஸார் பெரிதாக இருப்பதால், வெளிச்சம் போதாத மண்டபத்திலும் முகங்கள் தெளிவாக விழும். ஆக, பெண் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கடைக்காரர் மெகாபிக்ஸல் கணக்கை அடுக்குவார். மயங்காதீர்கள்! 4கே வீடியோவுக்கு வேண்டியது சுமார் 83 லட்சம் புள்ளிகள்தான். 2020-இல் வந்து வீடியோக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கிய ஸோனி ஏ7எஸ் 3-க்கு 12 மெகாபிக்ஸல்தான்.

நான் முதலில் கேட்பது வேறு. காமிரா சூடு தாங்குமா?

என் சித்தப்பா பெண்ணின் கலியாணம் சித்திரை வெயிலில் நடந்தது. கெட்டிமேளம் முழங்குகிற சமயம் பார்த்துக் காமிரா சூடாகி அணைந்துவிட்டது. பாவம், வீடியோக்காரப் பையன் பனையோலை விசிறியால் அதற்கு விசிறிக் கொண்டிருந்தான்! ஹோமப் புகை இருக்கிறது, பந்தி இருக்கிறது. தாலி கட்டியது மட்டும் வீடியோவில் இல்லை. அன்று முதல் அட்சதை போட்ட பாட்டியும் இன்று இல்லை.

2020-இல் வந்த கானன் ஆர்5, 23 டிகிரி வெப்பத்தில் 8கே வீடியோவைச் சுமார் 20 நிமிஷம்தான் எடுக்கும் என்று கம்பெனியே அறிவித்தது. பிற்பாடு மென்பொருளைத் திருத்தினார்கள். நம் மண்டபங்களில் 23 டிகிரியை யார் கண்டார்கள்? ஸோனி எஃப்எக்ஸ்3 (2021), பானஸோனிக் எஸ்5 2 (2023) ஆகியவற்றின் உள்ளேயே சிறு மின்விசிறி உண்டு. 'தி கிரியேட்டர்' என்ற 2023-ஆம் வருஷத்து ஹாலிவுட் படத்தையே அந்த எஃப்எக்ஸ்3-ஐக் கொண்டு எடுத்திருக்கிறார்கள்!

அடுத்தபடி, இரண்டு கார்டுகளில் ஒரே சமயத்தில் பதிய வேண்டும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். நம் ஊர் மின்சாரம் 50 சைக்கிள். ஆகவே விளக்கு மினுமினுக்காமலிருக்க வினாடிக்கு 25 அல்லது 50 பிரேம் வைத்து எடுப்பது நல்லது. ஆனால் 50 பிரேமில் சில காமிராக்கள் சென்ஸாரின் நடுப்பகுதியை மட்டுமே உபயோகிக்கும். 4கேயில் ஸோனி ஏ7 4 அப்படித்தான். ஃபுல் ஃபிரேமுக்குக் கொடுத்த பணம் அங்கே வீண்!

பணம் முழுவதையும் காமிராவிலேயே கொட்டிவிடாதீர்கள். நல்ல லென்ஸுக்கும் மைக்குக்கும் பாதியாவது ஒதுக்கி வையுங்கள். மந்திரம் கேட்காத கலியாண வீடியோவை யார் பார்ப்பார்கள்?

சகோதரி, சென்னையில் காமிராக்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. உங்கள் பெண் ஒன்றை எடுத்துக்கொண்டு, உறவினர் வீட்டு விசேஷத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் எடுத்துப் பார்க்கட்டும். அதுவரை சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். காமிரா அணைந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.