பழகுநர் பணியாளர் அல்லர்

பள்ளிப் படிப்பை முடித்தவர்க்குக் கல்லூரி ஒன்றே வழி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தொழிற்கூடத்திலேயே கற்றுத் தேர்வதற்கும் நம் நாட்டில் சட்டமுறையான வழி உண்டு. அவ்வழியை வகுத்தது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். தொழிற்பயிற்சி நிலையங்களில் பொருத்துநர், மின்பணியாளர், பற்றவைப்பாளர் முதலிய பிரிவுகளில் தேர்ந்தோர் தொடர்வண்டிப் பணிமனைகளிலும் பொதுத்துறை, தனியார் ஆலைகளிலும் பழகுநராகச் சேர்கின்றனர். பொறியியல் படித்தோர்க்கு 1973இலும், பிற பட்டதாரிகளுக்கு 2014இலும் இவ்வழி திறக்கப்பட்டது.

பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர். பணியாளர் அல்லர் என்று இச்சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே அவருக்குக் கிடைப்பது ஊதியம் அன்று, உதவித்தொகை. அதன் குறைந்த அளவைக் கல்வித்தகுதிக்கேற்ப மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை என 2019ஆம் ஆண்டின் விதிகள் வரையறுத்தன. உடல்நலம், பாதுகாப்பு, விபத்துக்கான இழப்பீடு ஆகியவற்றில் மட்டும் பணியாளருக்குரிய காப்பு அவருக்கும் உண்டு. கற்க வந்தவரிடம் முழுப் பணியாளரின் உழைப்பை எதிர்பார்க்கலாகாது என்பதே இவ்வேறுபாட்டின் நியாயம்.

நடைமுறையிலோ இது சில இடங்களில் தலைகீழாகிறது. முதல் வாரத்திலேயே ஓர் எந்திரத்தின் முன் நிறுத்தப்பட்ட இளைஞர், ஆண்டு முழுவதும் அதே திருகாணியை முடுக்கிக்கொண்டிருப்பார். வரைபடத்தைப் படிக்கவோ, அளவுகருவியைக் கையாளவோ, பழுதின் காரணத்தைக் கண்டறியவோ அவருக்கு எவரும் கற்பிப்பதில்லை. உழைப்பு பணியாளருடையது, கையில் பெறுவதோ பழகுநரின் உதவித்தொகை. இதனைப் பயிற்சி என்று அழைப்பது பொருந்தாது. கற்பிக்காத நிறுவனம் அவருக்குப் பணியாளரின் ஊதியத்தையே தருதல் வேண்டும் என்பது என் கருத்து.

பயிற்சி பெற்றவர் வேறிடம் சென்றுவிட்டால் எமக்கென்ன பயன் என நிறுவனத்தார் சிலர் வினவுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் பொதுவாக அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 2016இல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்படி, உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசும் ஏற்கிறது.

ஒவ்வொரு பழகுநரின் முன்னேற்றத்தையும் நிறுவனம் பதிவு செய்து வருதல் வேண்டும் என்பதும் சட்டமே. ஆய்வுக்கு வருவோர் அப்பதிவேட்டைப் புரட்டுவதோடு நில்லாமல், எந்தப் பிரிவில் என்ன கற்றாய் என்று பழகுநரையே கேட்டுச் சரிபார்த்தால் பாதிக் குறை நீங்கும். மீதிக்குச் சேரும் நாளிலேயே வழி காணலாம். பயிற்சி ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது, உதவித்தொகை எவ்வளவு என்று கேட்காத பெற்றோர் இல்லை, கேட்க வேண்டியதுதான். எப்பிரிவில் எத்தனை மாதம், கற்பிப்பவர் யார் என்று கேட்போர் அரியர். 18 வயது நிரம்பாதவர்க்காகக் காப்பாளரே கையொப்பமிடுகிறார். அவர் கேட்காவிடில் அந்த இளைஞருக்காகக் கேட்பதற்கு அங்கு வேறு எவரும் இரார்.