பியருக்கும் முதலாளி உண்டு

"பியரிலை என்ன அரசியல், அது ஜேர்மன்காரன்ரை பாரம்பரியம்" என்று இங்குள்ள நம்மவர் சிலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். சரி, பாரம்பரியத்தையே பார்ப்போம். 1810இல் பவேரிய இளவரசன் லுட்விக்கின் கலியாணத்துக்கு நடந்த குதிரைப் பந்தயத்தில் தொடங்கியது ஒக்டோபர்ஃபெஸ்ட். இன்றைக்கு ஆறு மியூனிச் ஆலைகளின் பியருக்கு மட்டும்தான் அங்கே அனுமதி. அதில் லோவன்பிராய், ஸ்பாட்டன் இரண்டுக்கும் முதலாளி இருப்பது பெல்ஜியத்தில்! பாரம்பரியமாம்.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். யாங்கோனின் ஷ்வேப்யிதாவில் சிரிக்க முடியாது. 1988க்குப் பிறகு நகரத்திலிருந்து பிடுங்கப்பட்ட ஏழைகளை இராணுவம் கொண்டுபோய் இருத்திய இடம் அது. பக்கத்து மிங்கலாடோனில்தான் மியன்மார் பியர் ஆலை. 2015 முதல் அதில் பெரும்பங்கு ஜப்பானின் கிரின் கம்பனிக்கு, மிச்சம் இராணுவத்தின் கம்பனிக்கு. ரோஹிங்கியா மக்கள் துரத்தப்பட்டுக்கொண்டிருந்த 2017 செப்டம்பர் 1ஆம் திகதி, அந்த ஆலை தளபதி மின் ஆங் ஹ்லைங்கிடம் 6,000 டொலர் நன்கொடை கொடுத்தது. நிவாரணத்துக்காம்!

2021 பெப்ரவரியில் அதே தளபதி ஆட்சியைப் பிடித்தார். மார்ச்சில் ஷ்வேப்யிதாவில் இராணுவச் சட்டம். யாங்கோன் சனம் மியன்மார் பியரைப் புறக்கணித்தது. கடைக்காரர்களும் அதை இறக்கி வைத்தார்கள். கிரின் 2023 ஜனவரியில் வெளியேறியது. எப்படி? தன் பங்கை அந்த ஆலைக்கே விற்று, காசையும் வாங்கிக்கொண்டு. ஆலை முழுதாக இராணுவத்தின் கைக்குப் போனது.