மார்கழிப் பனியும் அன்னையின் பாதமும்



மார்கழி பிறந்துவிட்டால், மூங்கில்துறைப்பட்டில் விடியற்காலைத் தென்பெண்ணையின் மீது பனி படர்ந்து நிற்கும். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு செல்லும் பருவமும் அதுவே. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரச் சோகையை மிதித்தவாறு வெட்டுக்குச் செல்வோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். தலைக்குத் துண்டு உண்டு, மார்புக்குப் போர்வை உண்டு, பாதத்திற்கோ ஒன்றுமில்லை.

பெரிய வியாழனன்று ஆண்களின் பாதங்களையே நாம் கழுவி வந்தோம். 2016 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆட்சியில் வெளியான ஆணைக்குப்பின், பெண்களும் அவ்வரிசையில் அமரலாயினர். அப்போதுதான் நாம் ஓர் உண்மையைக் கண்டோம். ஏரித்தரை வெடித்தாற்போல் குதிகால் வெடித்திருந்தது. வினவியபோது அந்தத் தாய், “பித்த வெடிப்பு சாமி, மார்கழியிலே வந்தது, தானாப் போயிடும்” என்றார். பங்குனி வந்தும் அது போகவில்லை.

பித்த வெடிப்பு என்று நாம் பெயரிட்டாலும், பித்தத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. குளிர்ந்த காற்றுக்கு நீராவியைத் தாங்கும் ஆற்றல் குறைவு. மழை ஓய்ந்தபின் வீசும் வறண்ட காற்று நம் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. தோலின் மேலடுக்கு செங்கற்சுவர் போன்றது. அதனிடையே உள்ள கொழுப்பே சாந்து. கொதிக்கும் நீரும் மிகுந்த சோப்பும் அச்சாந்தைக் கரைத்துவிடுகின்றன. உள்ளங்காலிலோ எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளே இல்லை. தடித்து உலர்ந்த தோல், உடலின் பளுவைத் தாங்கும்போது பிளக்கிறது. பிளவு ஆழமானால் குருதி கசியும், கிருமியும் புகும்.

வலித்தால் கவனிப்போம், வலிக்காத பாதத்திற்கே பேரிடர். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு, இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றுப்போனதால், அறியாமல் பட்ட காயங்களே அவற்றை அழிக்கின்றன என்றார். நரம்பு கெட்டால் வியர்வையும் நின்று தோல் வறளும், வெடிப்பும் விரையும். இன்று நம் இல்லங்களில் பெருகிவரும் நீரிழிவும் இதே தீங்கைச் செய்கிறது. வெடிப்பில் முள் குத்தினாலும் அறியாமல் நடக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. சிறு பிளவு புண்ணாகி, புண் காலையே கொண்டுபோகக் கூடும்.

மருந்தோ அடுக்களையிலேயே இருக்கிறது. இரவில் கால்மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் பாதங்களை ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிப் பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை. இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. ஆதலால் காய்ந்த காலில் தடவுவதைவிட நனைந்த காலில் தடவுவதே பயன் தரும். பிலிப்பைன்ஸில் 34 பேரிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய், கனிம எண்ணெய்க்கு இணையான நன்மை தந்ததெனக் கண்டனர். விலையுயர்ந்த களிம்பு வாங்க இயலாதவர் வருந்த வேண்டா.

கை, கால், முகத்திற்கும் இதுவே வழி. குளியல் சுருக்கமாக இருக்கட்டும். நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். வெடித்த உதட்டை நாவால் நனைப்பது மேலும் வறட்சியையே தரும். சிறிது வெண்ணெயோ வாசலினோ தடவுக.

நீரிழிவு உள்ளோர்க்கு மட்டும் தனி எச்சரிக்கை: பாதங்களை நெடுநேரம் ஊறவைக்க வேண்டா. நீரின் சூட்டைப் பிறர் சோதித்துத் தரட்டும். கழுவித் துடைத்து, விரலிடுக்கை விடுத்து எண்ணெய் தடவுக. பிளேடால் தோலைச் செதுக்கலாகாது. வெறுங்காலோடு நடக்கலாகாது. நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்க்குப் பேரப்பிள்ளையின் கண் உதவட்டும். சிவப்போ, சீழோ, ஆறாத பிளவோ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்க.

பெரும்பாலான இல்லங்களில் எல்லார்க்கும் வெந்நீர் வைப்பவள் தாய். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பவளும், மாமியார் காலைப் பிடித்துவிடுபவளும் அவளே. குளிர்ந்த தரையில் முதலில் கால் வைத்துக் கடைசியில் படுக்கிறவளும் அவளே. அவளது குதிகாலை யார் பார்க்கிறார்கள்? அவள் கேட்கமாட்டாள், “தானாப் போயிடும்” என்பாள்.

கணவன்மாரே, பிள்ளைகளே, பாதம் கழுவுவதற்குப் பெரிய வியாழன் வரை காத்திராதீர்கள். இன்றிரவு செபம் முடிந்ததும் ஒரு பேசினில் வெதுவெதுப்பான நீர் எடுத்து வையுங்கள். “கொஞ்சம் உட்காரம்மா” என்று சொல்லுங்கள். எண்ணெய்க் கிண்ணம் உங்கள் கையில் இருக்கட்டும்.